கார்ப்பரேட்டரைக் கழற்றும் முன்

பழைய கார் வைத்திருக்கும் என் வயதுக்காரர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு ஒரே வரிசையில்தான் போகும். முதலில் சர்க்கரை அளவு, அடுத்து பென்ஷன் அரியர்ஸ், மூன்றாவது "வண்டியில பிக்கப்பே இல்லப்பா". முதல் இரண்டுக்கும் என்னிடம் மருந்து கிடையாது. மூன்றாவதைப் பற்றி முப்பது வருடமாக ஒரு கருத்து வைத்திருக்கிறேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

வண்டி எடுக்கவில்லை என்று சொன்ன ஐந்தாவது நிமிடத்தில் கார்ப்பரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெய் டப்பாவில் போடுகிறவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் இருபத்தைந்து வயதுப் பையனாக இருப்பார். அவர் தொழிலுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே புதுக் கார்களில் இருந்து கார்ப்பரேட்டர் போய்விட்டது. கம்ப்யூட்டரைச் செருகினால் அதுவே கோளாறைச் சொல்லும் வண்டிகளில் பழகியவர். நம் வண்டி எதையும் சொல்லாது. அதனால் கண்ணுக்கு முன்னால், கைக்கு எட்டும் இடத்தில், நாலு போல்ட்டில் நிற்கும் கார்ப்பரேட்டர் குற்றவாளி ஆகிவிடுகிறது.

என்னுடையது 1984 மாடல் அம்பாசடர், மார்க் 4, 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். 1993இல் இரண்டாம் கையாக வாங்கினேன். ஒரு யூ.டி.சி. சம்பளத்தில் அதற்கு மேல் ஆசைப்பட முடியாது. அதில் இருப்பது ஸோலெக்ஸ் கார்ப்பரேட்டர். இந்தப் பெயர் எங்கள் புதுச்சேரிக்காரர்களுக்குப் புதிது அல்ல. முன் சக்கரத்தின் மேல் எஞ்சினைச் சுமந்துகொண்டு டுப்டுப் என்று ஊர்ந்து போகும் வேலோஸோலெக்ஸை என் தலைமுறை மறந்திருக்காது. குதார், மென்னெஸோன் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்களின் கம்பெனி அது. முதலில் கார்களுக்குக் கார்ப்பரேட்டர் செய்து பேர் வாங்கினார்கள். மோட்டார் சைக்கிளா சைக்கிளா என்று தெரியாத அந்த வண்டியை 1946இல்தான் விற்க ஆரம்பித்தார்கள். பிறகு சென்னையிலேயே ஸோலெக்ஸ் கார்ப்பரேட்டர்கள் செய்தார்கள்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தப் படிப்பு கிளார்க் உத்தியோகத்தில் எவ்வளவு உதவியது என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம். பழைய காருக்கு உதவியது என்று நிச்சயமாகச் சொல்வேன். நாம் "பிக்கப் இல்லை" என்ற ஒரே சொல்லில் ஐந்தாறு வியாதிகளை அடைத்துவிடுகிறோம். பிரெஞ்சு மெக்கானிக் அப்படிப் பேச மாட்டான். மிதித்தவுடன் ஒரு கணம் எஞ்சின் செத்து எழுந்தால் அதற்கு 'த்ரூ' என்று பெயர். ஓட்டை, குழி என்று பொருள். சக்தியில் ஒரு குழி விழுந்து வண்டி அதில் இறங்கி ஏறுகிறது. விட்டு விட்டு வெடித்தால் 'ராத்தே', குறி தவறியது என்று பொருள். எல்லா வேகத்திலும் சோர்வாக இருந்தால் அதற்கு வேறு வார்த்தை. வியாதிக்குத் தனித்தனிப் பெயர் இருந்தால் கேட்கும் கேள்வியும் தனித்தனியாக வரும்.

மொழியால் குழப்பமும் வரும். பிரெஞ்சில் 'ஸ்தார்த்தேர்' என்றால் சோக். நாம் செல்ஃப் என்று சொல்வதற்கு அங்கே 'தெமாரேர்' என்று பெயர். பிரெஞ்சு காலத்தில் உத்தியோகம் பார்த்த என் மாமா ஒருவர், விழுப்புரம் போகும் வழியில் வண்டி நின்றபோது, ஸ்டார்ட்டர் சிக்கிக்கொண்டது என்று சொல்லிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார். திரும்பி வருவதற்குள் உள்ளூர் மெக்கானிக் செல்ஃப் மோட்டாரைக் கழற்றித் தரையில் பிரித்து வைத்திருந்தாராம்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தவர் ஒரு வயதான மெக்கானிக். எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் பானட்டைத் திறக்கவே மாட்டார். பீடியைத் தூரமாய்ப் போட்டுவிட்டு வந்து கேட்பார்: "சார், எப்போ? மிதிச்ச உடனேயா, ஓடி ஓடிப் பொறவா, எப்பவுமேவா?"

இந்த ஒரு கேள்வியில் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும் என்பதுதான் என் கட்சி.

மிதித்த உடனே என்றால் அது த்ரூ. ஏன் வருகிறது என்பதைக் கல்யாணப் பந்தியை வைத்துச் சொல்லலாம். மெதுவாக ஆட்கள் வந்தால் சமையல்கட்டு ஈடுகொடுக்கும். திடீரென்று நூறு பேர் உட்கார்ந்தால் இலை இருக்கும், சோறு வராது. ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது காற்று உடனே உள்ளே பாய்கிறது, அதற்கு எடை குறைவு. பெட்ரோல் கனமானது, ஜெட் வழியாக ஏறி வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். வந்ததிலும் ஒரு பங்கு குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு கணத்தில் எஞ்சினுக்குக் கிடைப்பது வெறும் காற்றுதான். இதற்காகவே கார்ப்பரேட்டரில் ஒரு சின்ன பம்ப் வைத்திருக்கிறார்கள். மிதிக்கும்போது அது ஒரு சொட்டு பெட்ரோலைப் பீச்சி அடிக்கும். பந்திக்கு முன்பே ஓரமாக எடுத்து வைத்த ஒரு குண்டான் சோறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பம்புக்குள் இருப்பது மெல்லிய ரப்பர் டயாஃப்ரம். அது கிழிந்தாலோ, பீச்சும் துளை அடைத்தாலோ, குழி விழும்.

இதைக் கண்டுபிடிக்க எதையும் கழற்ற வேண்டாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது, அணைத்த நிலையில், மேலே உள்ள ஏர் கிளீனரை மட்டும் எடுத்துவிட்டுக் கார்ப்பரேட்டர் வாய்க்குள் எட்டிப் பாருங்கள். பக்கத்தில் யாரும் பீடி சிகரெட் பிடிக்கக் கூடாது. லீவரைக் கையால் சட்டென்று திறந்தால் ஊசி போல ஒரு பெட்ரோல் கோடு பீச்ச வேண்டும். பீச்சினால் பம்ப் நிரபராதி. வரவில்லை என்றால் முதலில் துளையை ஊதிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், அப்புறம் டயாஃப்ரம். முழுக் கார்ப்பரேட்டரும் மாற்றியாக வேண்டும் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அதே சமயத்தில் இன்னொன்றையும் பார்த்துவிடலாம். உள்ளே ஒருவர் உட்கார்ந்து பெடலை முழுக்க மிதிக்கட்டும். வெளியே லீவர் கடைசி வரை போகிறதா? பல வண்டிகளில் போகாது. ராடு தேய்ந்திருக்கும். அல்லது, சிரிக்காதீர்கள், கீழே இரட்டையாய்ப் போட்ட கார்ப்பெட் பெடலைப் பாதியில் தடுத்துக்கொண்டிருக்கும்.

த்ரூவை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. பிக்கப் என்றதும் நம் பிள்ளைகள், "இந்த வயசுல உங்களுக்கு என்னப்பா ஸ்பீடு?" என்பார்கள். ஸ்பீடு யாருக்கு வேண்டும்? ஈ.சி.ஆர். சாலையைக் குறுக்கே கடக்க நின்று, பஸ் தூரத்தில்தான் வருகிறது என்று கணக்குப் போட்டு முதல் கியரில் மிதிக்கிறோம். வண்டி சாலையின் நடுவில் வந்து இரண்டு விநாடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எழுபது வயதுக்கு மேல் நமக்கே முடிவெடுக்க ஒரு விநாடி கூடுதலாய் ஆகிறது. வண்டியும் தன் பங்குக்கு இரண்டு விநாடி சேர்த்தால் அந்தக் கணக்கு எங்கே போய் முடியும்? த்ரூ உள்ள காரை மெதுவாக ஓட்டினால் போதும் என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது. கடக்கும் இடத்தில் மெதுவாக ஓட்ட முடியாது.

ஓடி ஓடிப் பிறகு சோர்கிறது என்றால் அது முற்றிலும் வேறு கதை. இங்கே எனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர், அவரிடமும் என்னைப் போலவே அம்பாசடர். மரக்காணம் தாண்டி மகள் வீட்டுக்குப் போவார். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஒழுங்காய் ஓடும், பிறகு மிதித்தால் ஏறாது, திக்கித் திணறும். ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் நின்றால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடியும் ஓடும். ஒரு பட்டறையில், பெயர் வேண்டாம், கார்ப்பரேட்டரைச் சுத்தம் செய்தார்கள். பிறகு வேறொன்று மாற்றினார்கள், டூப்ளிகேட். பிறகு பெட்ரோல் பம்புக்குக் கிட் போட்டார்கள். கடைசியில் எஞ்சின் போர் போய்விட்டது, பிரித்தாக வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். அந்தத் தொகைக்கு அவர் பென்ஷனில் நான்கைந்து மாதம் போய்விடும். பழைய இரும்புக்காரரிடம் விலை பேசிவிட்டு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

"வாத்தியாரே, நின்னு போற நேரத்துல பெட்ரோல் மூடியைத் திறந்து பார்த்தீங்களா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

மறுநாள் விடியற்காலையில் இருவரும் கிளம்பினோம். கோட்டக்குப்பம் தாண்டி நல்ல தூரம் போன பிறகு வண்டி திக்க ஆரம்பித்தது. நிறுத்தி மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. உடனே கிளப்பினோம், காத்திருக்கவே இல்லை, ஓடியது. தொட்டியில் இருந்து பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வரவில்லை என்றால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. பழைய மூடி எங்கோ தொலைந்து, பெட்ரோல் பங்க்கில் யாரோ வேறு வண்டியின் மூடியை மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் காற்றுத் துளையே இல்லை.

பட்டறையில் ஏன் இது தெரியவில்லை? ஒவ்வொரு முறையும் டெஸ்ட் ஓட்டத்துக்கு முன் பெட்ரோல் ஊற்ற மூடியைத் திறந்தார்கள், இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தார்கள், "ஜோரா போவுது சார்" என்றார்கள். அவர்கள் சொன்னது பொய் இல்லை. பதினைந்தாவது கிலோமீட்டரில் வரும் நோயை இரண்டாவது கிலோமீட்டரில் தேடினார்கள், அவ்வளவுதான். டூப்ளிகேட் கார்ப்பரேட்டருக்குக் கொடுத்த பணம் வாத்தியாருக்குத் திரும்பி வரவில்லை. கழற்றிய அசல் ஸோலெக்ஸும் பட்டறையில் கிடைக்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாதது அந்த அசல்தான்.

மூடி சரி என்றால் தொட்டியில் இருந்து வரும் வழியெல்லாம் பார்க்க வேண்டும்: வடிகட்டி, வெடித்த ரப்பர் குழாய், பம்பின் டயாஃப்ரம். இங்கே காசில்லாத ஒரு சோதனை இருக்கிறது. வண்டி திக்கும் நேரத்தில் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். இழுத்தால் தெளிகிறது என்றால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ கள்ளக் காற்று நுழைகிறது. இழுத்தால் இன்னும் மோசம் என்றால் பெட்ரோல் பக்கம் போகாதீர்கள், மின்சாரத்தைப் பாருங்கள்.

'எப்பவுமே சோர்வு' என்று பதில் சொன்னால் பாய் வண்டியைச் சமதளத்தில் நியூட்ரலில் தள்ளச் சொல்வார். இரண்டு பேர் தள்ளியும் நகரவில்லை என்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தால் எது என்று கை சொல்லும், பார்த்துத் தொடுங்கள். எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச். கோரிமேடு ஏற்றத்தில் மூன்றாம் கியரில் மிதித்தால் இது உடனே தெரிந்துவிடும். புதுச்சேரி தட்டை ஊர். ஏற்றம் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும், அல்லது அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலம்.

இரண்டும் இல்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர். என் அனுபவத்தில் கார்ப்பரேட்டர் மேல் விழும் பழியில் பாதிக்கு மேல் இந்த டப்பாவுக்குச் சேர வேண்டியது. உள்ளே இருக்கும் பாயிண்டை நம் பழைய மெக்கானிக்குகள் பிளாட்டினம் என்பார்கள். பிரெஞ்சிலும் 'பிளாட்டினத் திருகு' என்றுதான் பெயர். அதில் இருப்பது டங்ஸ்டன், பெயர் மட்டும் பிளாட்டினம். அம்பாசடருக்கு அந்த இடைவெளி 15 தவ், அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. ஸ்பார்க் பிளக்குக்கு 25 தவ். பாயிண்ட் குழி விழுந்து மேடு தட்டி இருந்தால் ஐட்லிங்கில் ஒழுங்காய் இருக்கும், மிதித்தால் மிஸ் அடிக்கும். அதுதான் ராத்தே. பாயிண்ட் அடிக்கடி கருகினால் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள். பிளக் ஒயரைப் பார்க்க ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஓடும் எஞ்சினைப் பாருங்கள். கசியும் இடத்தில் நீலமாய்ப் பொறி ஊரும்.

அதே டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் தட்டு மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், அதில் இருந்து ஒரு மெல்லிய குழாய் கார்ப்பரேட்டருக்குப் போகும். வாக்குவம் அட்வான்ஸ் என்பார்கள். இன்று வரும் பையன்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. குழாய் கழன்று தொங்கும் வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். குழாயைக் கார்ப்பரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். உள்ளே தட்டு நகர வேண்டும், நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் உள்ளே கிழிந்திருக்கிறது. மிதமாய் ஓட்டும்போது சோர்வும், பெட்ரோல் செலவும் இதனால்தான்.

பிளக்கின் நிறத்தைப் பார்த்து ஜோசியம் சொல்கிறவர்களும் உண்டு. அது நல்ல ஜோசியம்தான், ஆனால் ஏற்றத்தில் மிதித்து வந்து நின்றவுடனே அணைத்துக் கழற்றிப் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டுவிட்டுப் பார்த்தால் எந்தப் பிளக்கும் கறுப்பாய்த்தான் இருக்கும். உடனே "பெட்ரோல் அதிகமா குடிக்குது சார், கார்ப்பரேட்டர்" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு மிச்சம் இருப்பது கார்ப்பரேட்டர் என்றால் தாராளமாய்த் திறக்கலாம். ஆபீஸில் பழைய தாள்களைச் சேர்க்காமல் ஒரு கோப்பை மேலே அனுப்பினால் எங்கள் சூப்பரின்டெண்டென்ட் முகத்திலேயே எறிவார். அவரிடம் வேலை பார்த்த எவரும் இதைப் புரிந்துகொள்வார்கள்.

கார்ப்பரேட்டருக்கு உண்மையிலேயே கெட்ட காலம் வந்திருப்பது இப்போதுதான். பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். 2022இல் 10 சதவீதம், 2025இல் 20 சதவீதம். நாட்டுக்கு அது நல்லதாக இருக்கலாம், கரும்பு விவசாயிக்கும் நல்லதாக இருக்கலாம், அதில் நான் வாதத்துக்கு வரவில்லை. ஆனால் 1984இல் செய்த ரப்பருக்கு எத்தனால் ஆகாது. டயாஃப்ரம் உப்பும், விறைக்கும், குழாய் வெடிக்கும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் பழைய ஜெட் அளவுக்குக் கலவை மெலிந்துவிடும். முன்பு இல்லாத த்ரூ பலருடைய வண்டியில் இப்போது வருகிறது என்றால் இது ஒரு காரணம். லிட்டருக்கு எத்தனாலின் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கொஞ்சம் இழுவை குறைந்தால் அதற்கு எந்த மெக்கானிக்கும் பொறுப்பு இல்லை. ஈரத்தையும் இழுக்கும்; மாதக்கணக்கில் ஓட்டாமல் ஷெட்டில் நிறுத்தினால் தொட்டியின் அடியில் தண்ணீர் சேரும், துரு பிடிக்கும், அந்தத் துரு ஜெட்டில் வந்து உட்காரும்.

நான் செய்வது இதுதான். வாரம் ஒரு முறையாவது எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டுகிறேன். பெட்ரோல் பாதை முழுவதும் எத்தனால் தாங்கும் புது ரப்பர் குழாய் போட்டுவிட்டேன். கார்ப்பரேட்டருக்கு முன்னால் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் சின்ன வடிகட்டி ஒன்று. தண்ணீரோ துருவோ வந்தால் கண்ணுக்கே தெரியும். பம்ப் டயாஃப்ரம் இரண்டு கூடுதலாய் வாங்கி வைத்திருக்கிறேன். வாங்கும்போது எத்தனால் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள், பழைய சரக்கைத் தலையில் கட்டுகிறார்கள். பிரதான ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். செய்யலாம், ஆனால் புது ஜெட் வாங்கித்தான் செய்ய வேண்டும். பழைய ஜெட்டின் துளையைக் கம்பியால் குத்திப் பெரிதாக்குகிறேன் என்று யார் வந்தாலும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தத் துளையின் அளவு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கணக்கில் போட்டது, குத்திய பிறகு திரும்ப வராது.

டிராயிங் மாஸ்டரிடம் இப்போது இருக்கும் டூப்ளிகேட் எப்படியோ சமாளித்துக்கொண்டு ஓடுகிறது. உங்களில் யாரிடமாவது அம்பாசடரின் அசல் ஸோலெக்ஸ், ஜெட்டில் கம்பி படாதது, சும்மா கிடந்தால் எனக்குச் சொல்லுங்கள். நியாயமான விலை கொடுப்பார்.